திங்கக்கிழமை காலைல எடுக்குற பிபி

நான் ஒரகடம் பக்கம் ஒரு பெரிய கன்ஸ்ட்ரக்‌ஷன் சைட்ல ஸ்டாஃப் நர்ஸ். சைட்டுக்குள்ளயே ஒரு மெடிக்கல் ரூம், ஓஹெச்சினு சொல்லுவோம், ரெண்டு கட்டில், ஒரு ஆம்புலன்ஸ், வாரத்துல ரெண்டு நாள் வந்துட்டுப் போற டாக்டர். கால்ல ஆணி ஏறுறது, கண்ணுல தூசி விழறது எல்லாம் தினம் வரும், ஆனா காலைல முதல் ஒரு மணி நேரம் முழுக்க ஹைட் பாஸ்தான். சாரம் கட்டுறவங்க, வெல்டர், கூரைக்கு ஷீட் போடுறவங்க, உயரத்துல ஏறி வேலை செய்ற யாரா இருந்தாலும் எங்ககிட்ட பிபி பாத்து சைன் வாங்கினாத்தான் மேல போக முடியும். எங்க சைட்ல 150க்கு 100 தாண்டிட்டா அன்னைக்கு பாஸ் கிடையாது, பாஸ் இல்லன்னா அன்னைக்கு கூலியும் கிடையாதுனுதான் ரொம்ப நாளா இருந்துச்சு.

இந்த வேலைக்கு வந்த கொஞ்ச நாள்லயே கவனிச்சேன், ஒரே ஆளோட வியாழக்கிழமை பிபியையும் திங்கக்கிழமை பிபியையும் பக்கத்துல பக்கத்துல வச்சா வேற வேற ஆளோடதுனுதான் தோணும். சனிக்கிழமை வாரக்கூலி கைக்கு வருது, ஞாயிறு லீவு, டாஸ்மாக் மதியம் 12 மணில இருந்து ராத்திரி 10 மணி வரைக்கும் தொறந்திருக்கு, மீதிய நான் சொல்ல வேண்டியதில்ல. திங்கக்கிழமை க்யூல நிக்கிறவங்களோட கண்ணு செவந்து, முகம் உப்பி, நாக்கு காஞ்சு, கஃப் சுத்துறதுக்கு கைய நீட்ட சொன்னா விரல் லேசா ஆடும், பல்ஸ் உக்காந்த எடத்துலயே 100க்கு மேல ஓடும். கேட்டா "நைட்டு தூக்கம் இல்ல சிஸ்டர், கொசு"னு சொல்லுவாங்க.

நம்ம ஆளுங்க மத்தியில ஒரு நம்பிக்கை ஆழமா இருக்கு, சரக்கு போட்டா பிரஷர் எறங்கும்னு. ஒரு மேஸ்திரி என்கிட்ட ரொம்ப உறுதியா சொன்னாரு, போட்டதும் உடம்பு லேசாயிடுது, தலைபாரம் போயிடுது, அப்ப பிரஷர் எறங்குதுனுதானே அர்த்தம்னு. அவர் சொன்னதுல பாதி நெஜம், அதனாலதான் அந்த நம்பிக்கைய மாத்த இவ்ளோ கஷ்டமா இருக்கு. ஆல்கஹால் உள்ள போனதும் ரத்தக்குழாய் விரியும், முகம் கதகதனு சூடாகும், பிபி கொஞ்சம் எறங்கத்தான் செய்யும். 2020ல காக்ரேன்னு ஒரு சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழு இது சம்பந்தமான ஆய்வுகள எல்லாம் சேத்து வச்சு பாத்தாங்க, 30 கிராமுக்கு மேல ஆல்கஹால் எடுத்தவங்களுக்கு முதல் 12 மணி நேரம் வரைக்கும் பிபி எறங்குது, 13 மணி நேரம் தாண்டினதும் இருந்ததுக்கு மேல ஏறுதுனு தெரிஞ்சது, இதய துடிப்பு மட்டும் ரெண்டு கட்டத்துலயும் அதிகமாவே இருக்கு. ஏறுன அளவு சராசரியா 4 பாயிண்டுக்குள்ளதான். ஆனா அந்த ஆய்வுகள்ல இருந்தவங்க பெரும்பாலும் நல்ல உடம்புக்காரங்க, ஒரு தடவை அளவா குடிக்க வச்சு பாத்தது. எங்க க்யூல நிக்கிறவர் பல வருஷமா குடிக்கிறவர், ஏற்கனவே பிரஷர் இருக்குறவர், ராத்திரி சரியா தூங்காதவர், அதனால அவருக்கு ஏறுறது 4 பாயிண்டோட நிக்கிறதில்ல.

அளவு பத்தி இங்கயே சொல்லிடறேன், இது நிறைய பேருக்கு தெரியாது. ஒரு குவார்ட்டர்னா 180 மில்லி, பாட்டில்ல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும், கணக்கு போட்டா சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். கட்டிங்னு ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டாலே 30 கிராம் உள்ள போயிடுது. "ஒரே ஒரு குவார்ட்டர்தான் சிஸ்டர்"னு சொல்றவர் உண்மையில ஆறு டிரிங்க் குடிச்சிருக்காரு, இந்தியால ஒரு டிரிங்க்னா 10 கிராம்னுதான் கணக்கு. ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழுல இருந்து பத்து கிராம் வரைக்கும்தான் கரைக்கும், மோர் குடிச்சாலும் குளிச்சாலும் அந்த வேகம் கூடாது.

இங்கதான் ஹைட் பாஸ் விஷயத்துல எனக்கு பெரிய கவலையே. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ஒன்பது மணிக்கு முடிச்சவர் திங்கக்கிழமை எட்டு மணிக்கு க்யூல நிக்கும்போது பிபி ஏறி இருக்கும், நாங்க புடிச்சிடுவோம். ஆனா ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் ஆஃப், அதாவது அரை பாட்டில், அடிச்சவருக்கு காலைல எட்டு மணிக்கு ரத்தத்துல இன்னும் மிச்சம் இருக்கும், குழாய் இன்னும் தளர்வாவே இருக்கும், பிபி நார்மல்னு மெஷின் காட்டும், கேட்ல ஊத சொல்ற கருவிக்கு அன்னைக்கு அவர் தப்பிச்சிட்டா நேரா சாரத்துல ஏறிடுவாரு. அவருக்கு ஏற ஆரம்பிக்கிறது பதினோரு மணி, பன்னெண்டு மணிக்கு, வெயில் உச்சில, உயரத்துல பெல்ட் மாட்டி நிக்கும்போது. சந்தேகப்பட்ட சிலர மதியம் கூப்பிட்டு திரும்ப பாத்திருக்கேன், காலைல 130 இருந்தது மதியம் 160 காட்டியிருக்கு. காலைல வாங்குன சைன் மதியத்துக்கும் செல்லும்னு நம்புறது இந்த விஷயத்துல சரிவராது.

ஏன் ஏறுதுன்றத அவங்களுக்கு புரியுற மாதிரி சொல்ல நான் நிறைய படிச்சேன், டாக்டர்கிட்டயும் கேட்டேன், சும்மா "குடிக்காதீங்க"ன்னா யாரும் காது குடுக்குறதில்ல, உள்ள என்ன நடக்குதுனு சொன்னா உக்காந்து கேக்குறாங்க. மூளைக்கு கீழ பிட்யூட்டரினு ஒரு சின்ன சுரப்பி, அதுல இருந்து வாசோப்ரெசின்னு ஒரு ஹார்மோன் வரும், உடம்புல இருக்குற தண்ணிய வீணா வெளிய விடாதேனு கிட்னிக்கு சொல்றது அதோட வேலை. சரக்கு உள்ள போனதும் அந்த ஹார்மோன அமுக்கிடும், அதான் குடிக்கும்போது திரும்ப திரும்ப யூரின் போக எந்திரிக்கிறது. குடிச்சத விட அதிகமா வெளிய போயிடும். விடியக்காலைல உடம்பு முழிச்சு பாக்குது, தண்ணி இல்ல, உப்பு கணக்கும் மாறியிருக்கு, உடனே கிட்னி ரெனின்னு ஒண்ண விடுது, அது ஆஞ்சியோடென்சின உண்டாக்குது, அது ரத்தக்குழாய இறுக்குது, கூடவே ஆல்டோஸ்டெரோன் வந்து உப்ப புடிச்சு வைக்குது, முன்னாடி அமுங்கி கெடந்த வாசோப்ரெசினும் இப்ப எகிறுது. இவ்ளோ பேரும் ஒரே நேரத்துல குழாய இறுக்குனா பிபி எப்படி எறங்கும்.

அதோட முடியல. ராத்திரி முழுக்க ஆல்கஹால் மூளைய அமுக்கி வச்சிருந்துச்சு, அது கரைஞ்சதும் அமுங்கி இருந்த நரம்பு மொத்தமும் துள்ளி எழுந்திரிக்கும், அட்ரினலின் ஓடும், கை நடுங்கும், வேர்க்கும், காரணமே இல்லாம மனசுல ஒரு பயம் வரும். நிறைய பேர் சொல்லுவாங்க, "திங்கக்கிழமைன்னா என்னமோ தப்பு பண்ண மாதிரியே இருக்கு சிஸ்டர், நெஞ்சு படபடங்குது"னு. கார்டிசால்னு இன்னொரு ஹார்மோன், எல்லாருக்குமே விடியக்காலைல அது ஏறத்தான் செய்யும், அதிகமா குடிக்கிறவங்களுக்கு இன்னும் மேல போகும், வருஷக்கணக்கா இப்படியே போனா முகம் வட்டமா உப்பி வயிறு மட்டும் முன்னாடி தள்ளிக்கிட்டு வரும். தூக்கமும் தூக்கம் இல்ல, போட்டதும் அடிச்சு போட்ட மாதிரி தூங்குறாங்க, ஆனா பின்ராத்திரில தூக்கம் துண்டு துண்டா உடையும். இதுக்கு மேல வெறும் வயித்துல ஒரு டீ, ஒரு பீடி, அப்புறம் என் முன்னாடி வந்து உக்காருறாங்க. டீயும் பீடியும் முடிச்சு அரை மணி நேரம் ஆகாம, அஞ்சு நிமிஷம் உக்காராம பிபி பாக்கவே கூடாது, ஆனா க்யூ அவ்ளோ நீளம், சூப்பர்வைசர் பின்னாடி நின்னு "சீக்கிரம் சிஸ்டர்"னு கத்திக்கிட்டு இருப்பாரு.

இது புதுசா கண்டுபுடிச்சதும் இல்ல. 1915லயே, முதல் உலகப்போர் நடக்கும்போது, காமில் லியான்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் சிப்பாய்ங்கள பரிசோதிச்சு, தினம் ரெண்டரை லிட்டர் ஒயினுக்கு மேல குடிக்கிறவங்களுக்கு பிரஷர் அதிகமா இருக்குனு எழுதி வச்சிட்டாரு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கும் எத்தனையோ இடத்துல பிபி நோட்ல உப்பு பத்தி எழுதுறாங்க, நடைப்பயிற்சி பத்தி எழுதுறாங்க, குடி பத்தி ஒரு கேள்வி கூட இருக்காது, இருந்தாலும் "இல்ல"னு டிக் போட்டு முடிச்சிடுறாங்க.

திண்டிவனம் பக்கத்துல இருந்து வர்ற சாரம் கட்டுற அண்ணன் ஒருத்தர் இருக்காரு, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், கை வேலை அவ்ளோ சுத்தம், அவர் கட்டுன சாரத்துல ஏற யாரும் யோசிக்க மாட்டாங்க. ஊர்ல ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரஷர்னு சொல்லி அம்லோடிபின் குடுத்திருக்காங்க. ஆனா திங்கக்கிழமை ஆனா 170க்கு 110. எங்க டாக்டர் வர்ற ரெண்டு நாள்ல ஒண்ணு திங்கக்கிழமை, அன்னைக்கு பாத்துட்டு அவர் ரெண்டாவது மாத்திரை சேத்தாரு. அப்புறம் வியாழக்கிழமை அந்த அண்ணன் தலை சுத்துதுனு வந்து உக்காந்தாரு, பாத்தா 100க்கு 60. எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு, தலை சுத்துறது தரையில நடந்தா பரவால்ல, இவர் வேலை செய்றது எங்க.

அவர படுக்க வச்சு, தண்ணி குடுத்து, கொஞ்சம் தெளிஞ்சதும் பொறுமையா கேட்டேன். குடிச்சீங்களானு நான் எப்பவும் நேரா கேக்குறதில்ல, "சனிக்கிழமைல இருந்து மாத்திரை எப்பல்லாம் போட்டீங்க, ராத்திரி என்ன சாப்டீங்க, எத்தனை மணிக்கு படுத்தீங்க"னு கேட்டா பதில் தானா வரும். அவர் சொன்னாரு, "சரக்கு போடுற அன்னைக்கு மாத்திரை போடக்கூடாதுல்ல சிஸ்டர், அதான் சனி ஞாயிறு ரெண்டு நாளும் போடுறதில்ல, மத்த நாள் கரெக்டா போட்டுடுவேன்." யார் சொன்னதுனு கேட்டா மெடிக்கல் ஷாப்ல சொன்னாங்களாம், மாத்திரை போட்டுட்டு குடிக்காதீங்கனு. ஷாப்காரர் குடிய விட சொல்லியிருக்காரு, இவர் மாத்திரைய விட்டுட்டாரு.

அதுக்கப்புறம் பிரஷர் மாத்திரை எடுக்குற ஒவ்வொருத்தரையும் இத கேக்க ஆரம்பிச்சேன், இவர மாதிரியே பண்றவங்க அவ்ளோ பேர், நான் நெனச்சே பாக்கல. குடி பிபிய ஏத்தப்போற அதே ராத்திரிக்கு பாதுகாப்பா இருக்க வேண்டிய மாத்திரைய எடுத்துடுறாங்க, திங்கக்கிழமை நம்பர் எகிறுது, டாக்டர் அந்த நம்பர பாத்து டோஸ் ஏத்துறாரு, வாரத்துல மீதி நாள் ஒழுங்கா எல்லாத்தையும் போட்டு பிபி தரைதட்டிப் போகுது. குடிச்ச அன்னைக்கும் அம்லோடிபின விடாதீங்க, நேரத்துக்கு போட்டுடுங்க, குடிக்கிறத கொறைங்க, இதத்தான் எங்க டாக்டரும் அவருக்கு சொன்னாரு. எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது, நரம்பு மாத்திரை, தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, சில ஆன்டிபயாடிக் எல்லாம் சரக்கோட சேந்தா நெஜமாவே ஆபத்து, அதனால உங்க மாத்திரைக்கு என்னனு உங்க டாக்டர்கிட்ட வெக்கப்படாம கேளுங்க, குடிக்கிறத மறைச்சு கேட்டா சரியான பதில் கெடைக்காது.

சுகர் மாத்திரை இன்னொரு பெரிய ஆபத்து. ஒரு நாள் காலைல ஒரு வெல்டர ரெண்டு பேர் தாங்கிப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க, சட்டை முழுக்க வேர்வை, பேச்சு குழறுது, கூட வந்தவங்க "ஓவரா ஏத்திட்டான் சிஸ்டர், கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்"னு சிரிச்சுக்கிட்டு நின்னாங்க. விரல்ல குத்தி பாத்தா சுகர் 48. அவர் கிளிமிபிரைடு எடுக்குறவர், ராத்திரி சாப்பாடு சாப்பிடாம குடிச்சுட்டு படுத்திருக்காரு. சாதாரணமா சுகர் கொறைஞ்சா ஈரல் புதுசா குளுக்கோஸ் தயார் பண்ணி விடும், அத விட சொல்லி குளுக்ககான்னு ஒரு ஹார்மோன் உத்தரவு போடும், ஆனா ஈரல் ஆல்கஹால கரைக்கிறதுல மும்முரமா இருக்கும்போது அந்த வேலை நின்னு போயிடும், மாத்திரை மட்டும் இன்சுலின சுரக்க வச்சுக்கிட்டே இருக்கும். முழுங்குற அளவுக்கு நெனவு இருந்ததால குளுக்கோஸ் கரைச்சு குடுத்தேன், பத்து பதினஞ்சு நிமிஷத்துல ஆள் நிமிந்து உக்காந்து "என்னாச்சு சிஸ்டர்"னு கேட்டாரு. அவர அப்படியே போதைனு நெனச்சு மூலையில படுக்க வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்ப நெனச்சாலும் எனக்கு வயித்த கலக்கும். வேர்வை, நடுக்கம், குழறல் மூணும் ஹேங்ஓவர்லயும் வரும், லோ சுகர்லயும் வரும், சுகர் பேஷண்ட்னு தெரிஞ்சா முதல்ல குத்தி பாக்கணும்.

ஆம்பள சமாச்சாரத்த யாரும் என்கிட்ட நேரா கேக்க மாட்டாங்க, ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன்கிட்ட கேட்டு அவர் வந்து என்கிட்ட கேப்பாரு. கல்யாணமாகி குழந்தை இல்லாத ஒரு தம்பி அப்படித்தான் கேட்டு அனுப்புனாரு. குடிச்சா வீரம் வரும்னு நெனைக்கிறாங்க, ஆனா நல்லா குடிச்ச மறுநாள் டெஸ்டோஸ்டெரோன் எறங்கித்தான் இருக்கும், கார்டிசால் மேல போனா அது கீழ வரும், போதாக்குறைக்கு அத சுரக்குற விதையோட செல்களையே ஆல்கஹால் நேரா தாக்கும். பல வருஷம் குடிச்சு ஈரல் கெட்டுப்போனவங்களுக்கு மார்பு வீங்குறதும் விதை சுருங்குறதும் ஆஸ்பத்திரி வார்டுல வேலை செஞ்ச காலத்துல நெறைய பாத்திருக்கேன். அந்த தம்பிக்கு நான் சொல்லி அனுப்புனது, மூணு மாசம் குடிய நிறுத்திட்டு அப்புறம் டெஸ்ட் எடுங்க, புது விந்தணு உருவாக கிட்டத்தட்ட அவ்ளோ நாள் ஆகும், மனைவிய மட்டும் டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டு அலையாதீங்கனு.

க்யூல நடக்குற இன்னொரு விஷயம். பாஸ் கெடைக்காதுனு பயந்து பக்கத்துல இருக்குறவர்கிட்ட ஒரு பிரஷர் மாத்திரை வாங்கி வாயில போட்டு மெல்லுவாங்க. அம்லோடிபின் வேலைய முழுசா காட்ட ஆறுல இருந்து பன்னெண்டு மணி நேரம் ஆகும், க்யூல நிக்கும்போது அது ஒண்ணும் பண்ணாது, மதியத்துக்கு மேல உடம்புல தண்ணியும் வத்திப்போய் வெயில்ல நிக்கும்போதுதான் இழுத்து எறக்கும். தலைவலிக்கு மெடிக்கல் ஷாப்ல செட் மாத்திரை வாங்கி போடுறதும் அப்படித்தான், அதுல டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை இருந்தா அதுவே பிபிய ஏத்தும், ஏற்கனவே புண்ணாகி கெடக்குற வயித்துல ரத்தக்கசிவும் வரலாம். எலுமிச்சம்பழத்துல ரெண்டு ஸ்பூன் உப்பு போட்டு குடிக்கிறதும் பிரஷர்காரங்களுக்கு வேணாம். வெறும் தண்ணி, ரெண்டு இட்லி, உப்பு அதிகமில்லாத நீராகாரம், நெழல்ல ஓய்வு, இது போதும்.

காலைல ஒரு கட்டிங் போட்டா நடுக்கம் நின்னுடும்னு சொல்றவங்க விஷயம் வேற, அது ஹேங்ஓவர தாண்டி போயாச்சு. தினமும் நெறைய குடிக்கிறவர் திடீர்னு நிறுத்துனா முதல் நாளே பிபி, பல்ஸ் ரெண்டும் ஏறும், வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல இல்லாத ஆள் கண்ணுக்கு தெரியுறது, புத்தி கொழம்புறதுனு உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டுக்காரம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டு ஒரே நாள்ல நிறுத்துன ஒருத்தர 190க்கு 110ஓட ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டு போயிருக்கேன், ஆஸ்பத்திரில தயமின்னு ஒரு வைட்டமின் ஊசி போட்டு, நரம்ப அடக்குற மருந்து குடுத்து, நாலஞ்சு நாள் வச்சிருந்து அனுப்புனாங்க. இப்ப நல்லா இருக்காரு. அப்படிப்பட்டவங்க தனியா வீட்ல உக்காந்து நிறுத்த வேணாம், 104 சுகாதார உதவி எண்ணுக்கோ 14416 மனநல உதவி எண்ணுக்கோ போன் பண்ணுங்க, அரசு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவுலயே இதுக்கு வைத்தியம் இருக்கு.

கொறைச்சா எவ்ளோ பலன்னு கேப்பாங்க. 2017ல லான்செட் பப்ளிக் ஹெல்த்னு ஒரு மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுத் தொகுப்புல, தினம் ஆறு டிரிங்குக்கு மேல எடுக்குறவங்க பாதியா கொறைச்சாலே மேல் நம்பர் சராசரியா அஞ்சரை பாயிண்ட், கீழ் நம்பர் நாலு பாயிண்ட் எறங்குனதா இருக்கு. திண்டிவனத்து அண்ணன் முழுசா விடல, ஞாயித்துக்கிழமை மதியத்தோட முடிச்சுக்கிறாரு, அளவும் கொறைஞ்சிருக்கு, மாத்திரைய எந்த நாளும் விடுறதில்ல. எங்க டாக்டர்கிட்ட அவரோட வியாழக்கிழமை ரீடிங்கயும் சேத்து காட்டுனேன், ரெண்டாவது மாத்திரைய நிறுத்திட்டாரு, இப்ப திங்கக்கிழமைலயும் 140 பக்கத்துலதான் நிக்குது. அதுல இருந்து எங்க நோட்ல பிபி பக்கத்துல கிழமையும் கடைசியா மாத்திரை போட்ட நாளும் எழுதுறோம், டோஸ் மாத்துறதுன்னா வாரத்து நடுவுல எடுத்த ரீடிங்கயும் பாத்துட்டுதான்.

கூலி விஷயத்துக்குத்தான் ரொம்ப போராட வேண்டியிருந்துச்சு. பிபி அதிகம்னா வீட்டுக்கு அனுப்புற வரைக்கும் எவனும் உண்மைய சொல்ல மாட்டான், நம்ம மேல இருக்குற நம்பிக்கையும் போயிடும். பாஸ் கெடைக்காதவங்களுக்கு அன்னைக்கு கீழயே வேலை குடுங்க, கம்பி வளைக்கிறது, மெட்டீரியல் எண்ணி வைக்கிறது எவ்ளோ இருக்கு, அதே கூலி குடுங்கனு சேஃப்டி மீட்டிங்ல கேட்டேன், ஓஹெச்சில அவங்க சொல்றது கான்ட்ராக்டர் காதுக்கு போகாதுனும் எழுத்துல கேட்டு வாங்குனேன். ஒத்துக்கிட்ட கான்ட்ராக்டரோட ஆளுங்க இப்ப அவங்களாவே வந்து "நேத்து கொஞ்சம் ஜாஸ்தி சிஸ்டர், இன்னைக்கு கீழ போடுங்க"னு சொல்றாங்க. ஒருத்தர் மட்டும் இன்னும் ஒத்துக்கல, வேலைக்கு வந்தா ஏறணும் இல்லன்னா போகணும்னு நிக்கிறாரு, அவரோட ஆளுங்கதான் இன்னமும் க்யூல மாத்திரை மெல்றாங்க. அந்த ஆளுங்களோட காலை ரீடிங்கயும் மதிய ரீடிங்கயும் பேர் போடாம ஒரு சார்ட்டா எழுதிக்கிட்டு இருக்கேன், அடுத்த மீட்டிங்ல அவர் முன்னாடி அத வச்சு பேசுறதா இருக்கேன்.